லிம் சூ காங் சாலையில் நான்கு முறை இறங்கிய காற்று: டியூப்லெஸ் டயர் பழுது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஞாயிறுதோறும் விடியுமுன் சிங்கப்பூரின் உட்லண்ட்சில் கூடி, கிராஞ்சி வழியாக நியோ தியூ சாலையைச் சுற்றி, லிம் சூ காங் சாலையைத் தொட்டுத் திரும்பும் சிறு மிதிவண்டிக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். ஒற்றை வரிசையில் செல்லும் குழுவில் 5 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பதால், ஐவரோடு நிறுத்திக்கொண்டோம். இங்கே பதிவு செய்யப்படுவது, அந்த ஐவரில் ஒருவருடைய பின்சக்கர டயரில் விழுந்த 4 மி.மீ. வெட்டு ஒன்று, பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலையை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இழுத்து, கடைசியில் வேனில் ஏற்றிவிட்ட கதை. யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. மிதிவண்டிக்கு உரியவரை நண்பர் என்றும், குழுவில் வயதில் மூத்தவரை மூத்தவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

நண்பரின் எடை 82 கிலோ. அவர் ஓட்டுவது கார்பன் ரிம் பொருத்திய சாலை மிதிவண்டி. ரிம்மின் ஆழம் 50 மி.மீ., டயரின் அகலம் 28 மி.மீ. டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி போன்ற மடிப்பு இல்லாத வகை ரிம் அது. இவ்வகை ரிம்மில் காற்றழுத்தம் 5 பாரைத் தாண்டக்கூடாது என்பது டயர், ரிம் தரநிலைகள் விதிக்கும் வரம்பு; அது ஏறத்தாழ 72.5 பிஎஸ்ஐ. நண்பர் வழக்கமாகப் பின்சக்கரத்துக்கு 4.6 பார் வைப்பார்.

டியூப் இல்லாத டயருக்குள் சீலண்ட் எனப்படும் அடைப்புத் திரவம் ஊற்றி வைக்கப்படுகிறது. அது பெரும்பாலும் ரப்பர்ப் பால் கலந்த கலவை. ஓட்டை விழுந்தவுடன் வெளியேறும் காற்று அந்தத் திரவத்தை ஓட்டைக்கு இழுத்துச் செல்ல, அதிலுள்ள நுண்துகள்கள் வாயில் சிக்கிக்கொள்ள, ரப்பர்ப் பால் அவற்றைச் சுற்றி உறைந்து அடைத்துவிடும். 1.5 அல்லது 2 பாரில் ஓடும் மலைப்பாதை மிதிவண்டியில் இது மிக நன்றாக வேலை செய்யும். டியூப்லெஸ் முறை முதலில் வேரூன்றியதும் அங்கேதான். சாலை டயரில் அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்பதால், உறைவதற்குமுன்பே திரவம் பீய்ச்சி அடித்து வெளியே போய்விடுகிறது. உள்ளே அழுத்தம் பாதியாகக் குறைந்த பிறகே அடைப்பு பிடிக்கிறது. இந்த நிகழ்வில் நாங்கள் செய்த தவறுகளில் பாதி, இந்த ஒரு வேறுபாட்டை மறந்ததால் வந்தவை.

நண்பரின் டயரில் சீலண்ட் ஊற்றி 7 மாதம் ஆகியிருந்தது. தயாரிப்பாளர்கள் பொதுவாக 2 முதல் 6 மாதம் வரை தாங்கும் என்கிறார்கள். வெப்பம் கூடக்கூட அது குறையும். அவருடைய மிதிவண்டி நிற்பதோ, மேற்குப் பார்த்த அடுக்குமாடித் தாழ்வாரத்தில், பிற்பகல் வெயில் நேராக விழும் சுவரோரம்.

காலை 6.50

முந்தைய இரவு நல்ல மழை. ஈரச் சாலையில் கண்ணாடித் துண்டும் உலோகத் துணுக்கும் டயரில் ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும். நனைந்த ரப்பரும் எளிதில் வெட்டுப்படும். மழைக்கு மறுநாள் பஞ்சர் கூடுதலாக இருக்கும் என்று பழைய பஞ்சர் கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை உண்டு.

லிம் சூ காங் சாலையின் நேரான பகுதியில், அதாவது ஆகாயப்படைப் பயிற்சிகளின்போது விமான ஓடுபாதையாக மாற்றப்பட்ட அந்தப் பகுதியில், நண்பரின் பின்சக்கரத்திலிருந்து சீறல் ஓசை எழுந்தது. ஓட்டத்தை நிறுத்தி, ஐவரும் புல்லோரம் ஏறினோம். இன்னும் முழுதாக விடியாததால் பின்விளக்குகளை அணைக்கவில்லை.

சீலண்ட் உயிரோடு இருக்கும் டயரில் வெட்டு விழுந்தால் வெள்ளைத் திரவம் சட்டத்திலும் ஓட்டுபவரின் முதுகிலும் தெறிக்கும். இங்கே இருக்கைக் குழாயில் இரண்டு சொட்டு மட்டுமே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருளை எடுத்துச் சொல்லவில்லை. வெட்டு நடுத்தடத்துக்குச் சற்று இடப்பக்கம், நேர்க்கோடாக, ஏறத்தாழ 4 மி.மீ. நீளத்தில் இருந்தது. வெட்டிய பொருள் டயரில் தங்கவில்லை.

முதல் முடிவு, வெட்டைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்துத் திரவம் அங்கே தேங்கக் காத்திருப்பது. நல்ல முடிவுதான், திரவம் இருந்திருந்தால். ஆறேழு நிமிடம் நின்றபின் மூத்தவர் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே பிடித்துக் குலுக்கினார். உள்ளே தளும்பும் ஓசையே இல்லை. அந்தக் குலுக்கலுக்கு ஐந்து விநாடி போதும். அதை முதலில் செய்திருந்தால் காத்திருந்த நேரம் மிச்சமாகியிருக்கும் என்பதோடு, அடுத்து எடுத்த முடிவுகளும் வேறாக இருந்திருக்கும்.

முழுக் குப்பி

நண்பரின் இருக்கைப் பையில் இருந்தவை: 80 மி.மீ. வால்வு கொண்ட டியூப் ஒன்று, 16 கிராம் கரியமிலவாயுக் குப்பி இரண்டு, ஓட்டையை அடைக்கத் திரி செருகும் ஊசியுடன் 1.5 மி.மீ., 3.5 மி.மீ. என இரு அளவில் ரப்பர்த் திரிகள், பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு. பம்பு இல்லை. ஐவரில் என்னிடம் மட்டுமே கைப்பம்பு இருந்தது.

ஊசியில் ஏற்கெனவே மெல்லிய திரி மாட்டப்பட்டிருந்ததால் அதையே அவர் செருகினார். 4 மி.மீ. வெட்டுக்கு 1.5 மி.மீ. திரி போதாது என்பது பின்னர் யோசித்தால் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆனால் சாலையோரத்தில் கைக்கு முதலில் வருவதே கருவியாகிவிடுகிறது. பின்னர் குப்பியை மாட்டினார். வாயுவை வேண்டிய அளவில் நிறுத்தக்கூடிய திருகுத் தலைதான் அவரிடம் இருந்தது. பாதியில் நிறுத்தச் சொன்ன மூத்தவரிடம், “திறந்துட்டா மிச்சம் வீணாத்தானேண்ணே போகும்” என்று சொல்லி, குப்பியை முழுவதுமாக உள்ளே விட்டார். மிச்ச வாயுவைச் சேமிக்க முடியாது என்பது சரி. முழுவதையும் டயருக்குள் அனுப்ப வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படுவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 கிராம் கரியமில வாயு, நம் ஊர் வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 9 லிட்டர் இடம் கொள்ளும். 28 மி.மீ. டயரின் உட்கொள்ளளவு சுமார் ஒன்றேகால் லிட்டர். சிந்தாமல் முழுவதும் உள்ளே போனால் அழுத்தம் 7 பாரை நெருங்கும். இணைப்பில் கசிந்ததைக் கழித்தாலும் 6 பாருக்குக் குறைந்திருக்காது. ரிம்மின் பக்கவாட்டில் 5 பார் என்று அச்சிட்டிருக்க, அதைக் கடந்து போயிருந்தோம். எங்களிடம் அழுத்தமானி இல்லாததால் அது எவருக்கும் தெரியவில்லை. டயரை விரலால் அழுத்திப் பார்த்து, கல் மாதிரி இருக்கிறது என்று மகிழ்ந்தோம்.

குப்பியிலிருந்து பீறிட்டு வரும் வாயு கடுங்குளிராக இருக்கும். ஆகவே ஏற்றியவுடன் இருந்த அழுத்தம் உண்மையான அழுத்தமன்று. வாயு வெளிவெப்பத்துக்குச் சூடேறும்போது அழுத்தமும் ஏறும். நாங்கள் கிளம்பி 600 மீட்டர் போவதற்குள் திரி ஒரு வெடிப்போசையுடன் தெறித்து விழுந்தது. அந்த நேரத்தில் எல்லாருக்கும் அது ஏமாற்றமாக இருந்தது. கொக்கியில்லா ரிம்மில் வரம்பை மீறிய அழுத்தம் இருக்கும்போது டயரின் விளிம்பே ரிம்மை விட்டு நழுவும் வாய்ப்பு உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், தெறித்தது திரியாகப் போனது நல்லதே.

இரண்டாவது முயற்சியில் 3.5 மி.மீ. திரியைச் செருகி, என் கைப்பம்பால் மெதுவாக அடித்தோம். விரல் அழுத்தத்தைக் கொண்டு மதிப்பிட்டு, 3 பார் அளவில் நிறுத்தினோம். குறைந்த அழுத்தத்தில் திரியைத் தள்ளும் விசையும் குறைவு. வீடு திரும்புவதற்கு அது போதும் என்பது எங்கள் எண்ணம். திரி நின்றது. ஆனால் திரியைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியை மூடுவது திரியின் வேலையன்று, சீலண்டின் வேலை. அது காய்ந்துபோன டயரில், 2 கிலோமீட்டர் போவதற்குள் பின்சக்கரம் நெளியத் தொடங்கியது. மூன்றாம் முறை இறங்கினோம்.

டியூபும் கைவிட்டது

இனி டியூப்தான் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் பிழையில்லை. நிறைவேற்றியதில்தான் குறை.

டியூப் போட வேண்டுமென்றால் டியூப்லெஸ் வால்வை முதலில் கழற்ற வேண்டும். அதன் இறுக்குமரையில் ரப்பர்ப் பால் வழிந்து காய்ந்து, சாந்து பூசியதுபோல் பிடித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றி, தண்ணீர் விட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் திருகி, கால் மணி நேரம் கழித்து அது அசைந்தது. டயரின் விளிம்பும் இலேசில் இறங்கவில்லை. மூத்தவர்தான் வழி காட்டினார்: வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில் தொடங்கி, இரு கட்டைவிரலாலும் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வால்வை நோக்கி வந்தால், அங்கே கிடைக்கும் தொய்வில் நெம்புகோல் எளிதாக நுழையும். வலுவைக் காட்டிக் கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் இது பாடமாக அமைந்தது.

திரியை வெளியே இழுத்துவிட்டு, வெட்டின் உட்பக்கம் டியூப் பிதுங்காமலிருக்க ஊட்டச்சத்துக் கூழ் உறை ஒன்றை நான்காக மடித்து வைத்தோம். பணத்தாளை மடித்து வைப்பது பல நாடுகளில் வழக்கம். இங்கே பணத்தாளைச் சிதைப்பது சட்டப்படி குற்றம் என்று மூத்தவர் தடுத்தார். வெட்டைச் சுற்றி டயரின் உட்புறத்தை நண்பர் விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் குத்தவில்லை. டயர் முழுவதையும் சுற்றித் தடவவில்லை. டியூபை மாட்டி, இரண்டாவது குப்பியை இம்முறை பாதி மட்டும் விட்டு, கிளம்பினோம்.

3 கிலோமீட்டரில் டியூப் இறங்கியது.

மாற்று டியூப் என்னிடம் இருந்தது. அதன் வால்வு 48 மி.மீ.; நண்பரின் ரிம் ஆழம் 50 மி.மீ. வால்வின் முனை ரிம்முக்குள்ளேயே மறைந்துவிட்டது. நீட்டுக்குழாய் யாரிடமும் இல்லை. பிறருடைய ரிம்மையும் நினைத்துப் பார்த்து டியூப் வாங்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. இறங்கிய டியூபுக்கு ஒட்டுப் போட்டிருந்தால்கூட வீடு சேர்ந்திருக்கலாம். கார்பன் ரிம், மின்னணுக் கியர் என்று ஆயிரக்கணக்கான வெள்ளியைச் சுமந்துகொண்டு நின்ற ஐவரிடமும் இரண்டு வெள்ளி பெறாத ஒட்டு ஒன்று இல்லை.

திரும்பியது

பெருவிரைவு ரயிலில் மடிக்கக்கூடிய மிதிவண்டிகளை மட்டுமே, அதுவும் மடித்த நிலையில் 120 செ.மீ., 70 செ.மீ., 40 செ.மீ. அளவுக்குள் அடங்கினால்தான், ஏற்ற முடியும். சாலை மிதிவண்டிக்கு வாடகை வேன் ஒன்றே வழி. நண்பர் வேனில் ஏறியபோது மணி 9.10. மற்ற நால்வரும் வெயிலில் ஓட்டித் திரும்பினோம்.

கீழ்த்தளத்தில் பிரித்துப் பார்த்தபோது

அன்று மாலை என் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, டயரைக் கழற்றி உட்புறத்தை வெளியே புரட்டினோம். சீலண்ட் என்று சொல்ல எதுவும் இல்லை. பாலாடைபோல் ஒரு மெல்லிய சவ்வு டயரின் உள்ளே படிந்திருந்தது. அடியில் கடலை அளவில் இரண்டு ரப்பர் உருண்டைகள் இருந்தன.

விரலுக்குப் பதிலாகப் பருத்தித் துணியை உள்ளே வைத்து, ஒரே திசையில் முழுச் சுற்று இழுத்தோம். துணி மூன்று இடங்களில் மாட்டியது. இரண்டு, லாரி டயர்கள் சிதையும்போது சாலையில் உதிரும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகள். ஒன்று, அரிசிக் குறுணை அளவுக் கண்ணாடி. முந்தைய மாதங்களில் எப்போதோ இவை குத்தியிருக்கின்றன. அப்போது சீலண்ட் ஈரமாக இருந்ததால் ஓட்டுபவருக்குத் தெரியாமலேயே அடைத்துவிட்டிருக்கிறது. டியூப் இல்லாதவரை அக்கம்பிகளால் தொல்லை இல்லை. டியூப் நுழைந்தவுடன் அவையே முள்ளாயின. டியூபில் இருந்த ஓட்டையை டயரோடு பொருத்திப் பார்த்ததில், அது வெட்டிலிருந்து கால் சுற்றுத் தள்ளி, ஒரு கம்பிக்கு நேராக விழுந்திருந்தது. டயர் தளர்ந்து கிடக்கும்போது அந்தக் கம்பியின் முனை ரப்பருக்குள் மறைந்திருக்கிறது. பின்புறமாக வளைத்தால்தான் தலை நீட்டுகிறது. ஆகவே சாலையோரத்தில் விரலால் முழுவதும் தடவியிருந்தாலும் தப்பியிருக்கலாம் என்பதை நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

டயரைத் தூக்கி எறிவதா, ஒட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. வெட்டு தடத்தில் இருந்தது. பக்கவாட்டிலோ விளிம்பருகிலோ இல்லை. உள்ளே நெசவு இழைகள் வெட்டுண்டிருந்தாலும், டயரை வளைத்தபோது வெட்டு வாய் பிளக்கவில்லை. பக்கவாட்டில் இழை அறுந்திருந்தால், அதுவும் கொக்கியில்லா ரிம்மில், எவ்வளவு சிறிய வெட்டானாலும் நான் ஒட்டமாட்டேன். இங்கே ஒட்டலாம் என்று தீர்மானித்தோம். அது பின்சக்கரம் என்பதும் முடிவை எளிதாக்கியது; முன்சக்கரம் திடீரென இறங்கினால் விழும் வாய்ப்பு மிக அதிகம்.

உள்ளிருந்து ஒட்டியது

வெளியிலிருந்து செருகும் திரி வீடு சேர்க்கும். உள்ளிருந்து போடும் ஒட்டு டயரின் ஆயுள்வரை நிற்கும். இந்த வேலையில் நேரம் பிடிப்பது ஒட்டுவதன்று, சுத்தம் செய்வது. காய்ந்த ரப்பர்ச் சவ்வின்மேல் ஒட்டினால் ஒட்டு அந்தச் சவ்வோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். வெட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சவ்வை விரலால் உருட்டி எடுத்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தோம். நெசவு தெரியும்வரை தேய்க்கக்கூடாது. பளபளப்பு மங்கினால் போதும்.

சொல்யூஷனை மெல்லிதாக, ஒட்டின் அளவைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகத் தடவினோம். பிறகு காத்திருக்க வேண்டும். நண்பர் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைக்கப் போனார், தடுத்தேன். சொல்யூஷன் பசையைப் போன்றதன்று; அதன் கரைப்பான் ஆவியாகிப் பளபளப்பு அடங்கி, விரல் நகத்தால் தொட்டால் ஒட்டாமல் இலேசாக இழுக்கும் நிலைக்கு வந்தபிறகுதான் ஒட்டின் அடிப்பகுதியோடு சேர்ந்து பிணையும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அதற்கு ஏழெட்டு நிமிடம் பிடித்தது. ஒட்டை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தேய்த்து, இரவு முழுவதும் அப்படியே விட்டோம்.

மறுநாள் ரிம் நாடாவைச் சரிபார்த்து, வால்வைச் சுத்தம் செய்து, இறுக்குமரையை இம்முறை விரலால் மட்டும் முடுக்கினோம். வால்வின் உள்முனையைக் கழற்றிவிட்டுத் தரைப் பம்பால் வேகமாக அடித்தபோது, விளிம்புகள் இருபுறமும் அடுத்தடுத்து ஓசையுடன் அமர்ந்தன. காற்றை விட்டு, 40 மி.லி. புதுச் சீலண்டை ஊசிக்குழாயால் வால்வு வழியே செலுத்தி, உள்முனையைப் போட்டு, 4.5 பார் ஏற்றினோம்.

அதன்பின்

24 மணி நேரத்தில் அழுத்தம் 4.5 பாரிலிருந்து 4.2 பாருக்கு இறங்கியது. டியூப்லெஸ் டயருக்கு இது இயல்பு. இரண்டு நாள் கழித்து, நண்பர் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்கா இணைப்புப் பாதையில் 20 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு குழுவோடு வந்தார். 5 மாதம் கழித்து, தடம் தேய்ந்துபோய் அந்த டயரைக் கழற்றியபோது, ஒட்டின் ஓரங்கள் எங்கும் தூக்கவில்லை.

இனி மாற்றிச் செய்பவை

ஓட்டை விழுந்தால் முதலில் சக்கரத்தைக் குலுக்குவது என்று வைத்துக்கொண்டோம். தளும்பல் கேட்டால் காத்திருக்கலாம், திரி செருகலாம். கேட்காவிட்டால் திரியில் நேரத்தைச் செலவிடாமல் நேராக டியூபுக்குப் போவது. திரி என்றால் வெட்டுக்குப் பொருந்தும் தடிமனில் செருகி, முதலில் 2.5 அல்லது 3 பார் மட்டும் ஏற்றி, வெட்டைக் கீழே வைத்து ஒரு நிமிடம் சீலண்டுக்குக் கொடுத்து, பிறகே கூட்டுவது. குப்பியைப் பயன்படுத்தும்போது சீலண்ட் உள்ள டயரில் வால்வை மேற்புறம் வைப்பது. குளிர்ந்த வாயு நேராகப் பட்டால் சில சீலண்டுகள் கட்டியாகிவிடும்.

டியூப் போடுவதற்குமுன் துணியால் முழுச் சுற்று இழுப்பதையும், அப்படி இழுக்கும்போது டயரைப் பின்புறமாக வளைப்பதையும் பழக்கமாக்கினோம். பைகளில் இப்போது ஒட்டுகளும், குழுவுக்குப் பொதுவாக 80 மி.மீ. வால்வு டியூப் இரண்டும், ஒரு சிறு அழுத்தமானியும் இருக்கின்றன. சீலண்ட் ஊற்றிய தேதியை ரிம்மில் சிறு நாடா ஒட்டி எழுதுகிறோம். 3 மாதம் கழிந்தவுடன் வால்வு வழியே மெல்லிய கம்பி விட்டு ஈரம் பார்க்கிறோம். நண்பர் மிதிவண்டியைத் தாழ்வாரத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். அதற்கு அவர் மனைவி சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

குப்பியா, கைப்பம்பா என்பதில் மட்டும் நண்பருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மூத்தவர் இந்த வாதத்தில் கலந்துகொள்வதில்லை. அந்த மாதமே அவர் தம் இரு சக்கரங்களுக்கும் டியூபைப் போட்டுக்கொண்டார். வாரம் ஒரு முறை 60 கிலோமீட்டர் மட்டும் ஓட்டி, மற்ற ஆறு நாளும் வண்டியைச் சுவரில் மாட்டி வைக்கும் ஒருவருக்கு அது சரியான முடிவு என்றே நானும் கருதுகிறேன்.